விமானம் இறங்க வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் வேண்டும்? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செயற்கைக்கோள் வழிகாட்டுத் துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எத்தனை செயற்கைக்கோள், எந்த உயரம், எத்தனை சுற்றுப்பாதை என்று ஒரு அட்டவணை போட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் இதை நம்பி ஒரு விமானம் இறங்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்த வழியில் போனால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஓடுபாதையின் முனையில் நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கே விமானிக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்த பிறகு, வானத்தில் எதை எங்கே வைப்பது என்பது ஓரளவு தானாகவே வந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பத்தாம் வகுப்பு சைன், கொசைன் தெரிந்தால் போதும். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கடைசி 16 நொடியைக் கணக்குப் போடுங்கள்

ஒரு பயணிகள் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் ஓடுபாதையை நோக்கி இறங்கும். வேகம் 140 நாட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 72 மீட்டர். இந்தச் சரிவில் நொடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர் கீழே வருகிறது. 200 அடி உயரத்தில், அதாவது 61 மீட்டரில், விமானி ஒரு முடிவெடுக்க வேண்டும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அந்த இடத்திலிருந்து தரையைத் தொட 16 நொடிதான் இருக்கிறது.

அந்த உயரம் வரை மேகத்துக்குள் வரும் விமானத்துக்கு வழிகாட்டுவதுதான் நம் தொகுதியின், அதாவது சேர்ந்து வேலை செய்யும் செயற்கைக்கோள் கூட்டத்தின், வேலை. உயரத்தில் 35 மீட்டர் பிழை வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 61 மீட்டரில் இருக்கிறோம் என்று விமானி நினைக்கும்போது விமானம் 26 மீட்டரில் இருக்கலாம். 3 டிகிரி சரிவில் 35 மீட்டர் உயரம் என்பது தரையில் கிட்டத்தட்ட 670 மீட்டர் தூரம். ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை தட்டிவிடும். பக்கவாட்டில் வரும் பிழையைவிட உயரத்தில் வரும் பிழையை நாம் அதிகம் அஞ்சுவதற்குக் காரணம் இதுதான். இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

இந்த வேலையை இதுவரை செய்துவந்தது தரையிலிருந்து ரேடியோ கற்றை அனுப்பி வழிகாட்டும் ஐஎல்எஸ். ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக ஆண்டெனா நட்டு, பராமரித்து, அவ்வப்போது பறந்து சோதித்துச் சரிபார்க்க வேண்டும். சின்ன விமான நிலையங்களுக்கு அது பெரிய செலவு. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று, ஜிபிஎஸ் பிழைகளைத் திருத்திச் சொல்லும் இந்தியாவின் ககன் அமைப்பின் வழிகாட்டலில் இறங்கியது. தரையிலிருந்து வரும் சரிவுக் கற்றைக்குப் பதிலாக, செயற்கைக்கோள்களை வைத்தே சரிவுப் பாதை கணக்கிடப்பட்டது. நாம் வடிவமைக்கப் பழகப்போவது இந்த வகை வேலைக்குத்தான்.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இந்த அமைப்புகளிடம் நான்கு குணங்களைக் கேட்கிறது: துல்லியம், நம்பகம், தொடர்ச்சி, கிடைக்கும் தன்மை. புத்தகங்களில் நான்கும் ஒரே அளவு இடம் பிடிக்கும். நிஜத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்குவது இரண்டாவதுதான்.

துல்லியம் சுலபமானது. 100 முறை அளந்தால் 95 முறை எவ்வளவு பிழைக்குள் இருக்கிறோம் என்பது. இன்றைய ஜிபிஎஸ் பெரும்பாலான நாட்களில் இந்தத் தேவையைச் சிரமமில்லாமல் நிறைவேற்றிவிடும்.

நம்பகம் என்றால், பிழை எல்லை மீறும்போது "என்னை நம்பாதே" என்று அமைப்பே உரிய நேரத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதற்கான வாய்ப்பு ஒரு தரையிறக்கத்துக்கு ஒரு கோடியில் இரண்டுக்கு மேல் போகக்கூடாது. அதாவது 50 லட்சம் தரையிறக்கத்தில் ஒன்று. 200 அடி வரை வழிகாட்டும் அமைப்பு 6 நொடிக்குள் எச்சரிக்க வேண்டும். அந்த 6 நொடியில் விமானம் 22 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது என்பதை முதல் படியில் போட்ட கணக்கே சொல்லும்.

தொடர்ச்சி என்பது இறங்க ஆரம்பித்த பிறகு நடுவில் அறுந்துபோகாமல் இருப்பது. எந்த 15 நொடியை எடுத்தாலும் அறுந்துபோகும் வாய்ப்பு 1,25,000-இல் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். கிடைக்கும் தன்மை என்பது, மேலே சொன்ன மூன்றும் சேர்ந்து எத்தனை சதவீத நேரம் கைக்குக் கிடைக்கிறது என்பது.

நம்பகமும் கிடைக்கும் தன்மையும் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் உடனே நிறுத்து என்று கடுமையாக வைத்தால் அமைப்பு அடிக்கடி நிற்கும். அடிக்கடி நிற்கும் அமைப்பை எந்த விமான நிறுவனமும் நம்பி அட்டவணை போடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற நம் கையில் இருக்கும் முக்கியமான வழி, வானத்தில் செயற்கைக்கோள்களை நல்ல அமைப்பில் பரப்பி வைப்பதுதான்.

மூன்றாம் படி: பாதுகாப்பு அளவு என்ற ஒரே எண்

விமானத்தில் இருக்கும் ரிசீவருக்குத் தன் உண்மையான பிழை தெரியாது. தெரிந்தால் திருத்திவிடுமே. அதனால் "மிக மோசமாகப் போனாலும் என் பிழை இதற்குள்தான் இருக்கும்" என்று ஒரு எண்ணை ஒவ்வொரு நொடியும் கணக்கிடுகிறது. அதுதான் பாதுகாப்பு அளவு. அனுமதிக்கப்பட்ட எச்சரிக்கை எல்லையை இந்த எண் தாண்டினால் தரையிறக்க வழிகாட்டல் அந்த நொடியே கிடையாது.

செங்குத்துத் திசைக்கான சூத்திரம் எளிமையானது. உயரப் பிழையின் திட்டவிலக்கத்தை 5.33 ஆல் பெருக்க வேண்டும். உண்மையான பிழை இந்த எண்ணை மீறும் வாய்ப்பை ஒரு கோடியில் ஒன்றாகக் குறைக்கத் தேவைப்படும் பெருக்கல் அது. 200 அடி முடிவு உயரத்துக்கான எச்சரிக்கை எல்லை 35 மீட்டர். ககன் 2015 ஏப்ரலில் சான்றிதழ் பெற்ற, கடுமை சற்றுக் குறைந்த ஏபிவி-1 என்ற தரையிறக்க வகைக்கு அது 50 மீட்டர்.

திட்டவிலக்கம் 6 மீட்டர் என்றால் 5.33 × 6 = 32 மீட்டர், தேறியது. 7 மீட்டர் என்றால் 37.3 மீட்டர், தேறவில்லை. ஒரே ஒரு மீட்டர் வித்தியாசத்தில் விமானம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. இந்த ஒரு மீட்டரைத் தொகுதியின் வடிவமைப்பில் எப்படிச் சம்பாதிப்பது என்று பார்ப்போம்.

நான்காம் படி: உயரம்

20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள், அடிவானத்துக்கு 5 டிகிரி மேலே என்று எல்லை வைத்தால், பூமிப் பரப்பில் சுமார் 34 சதவீதத்துக்குத் தெரியும். 24 செயற்கைக்கோள் இருந்தால், ஓர் இடத்தில் சராசரியாக 24 × 0.34, அதாவது 8 தெரியும். 1,200 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் 6 சதவீதத்துக்குத்தான் தெரியும். அதே 24-ஐ வைத்தால் சராசரி ஒன்றரைகூட வராது. எட்டு வேண்டுமென்றால் 130-க்கு மேல் ஏவ வேண்டும்.

இன்னும் மேலே போய் 36,000 கிலோமீட்டரில் புவிநிலைப் பாதையில் வைத்தால்? பூமியோடு சேர்ந்து சுற்றும், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், கண்காணிப்பதும் சுலபம். ஆனால் எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே வரிசையில் நிற்கும். ஒரு வரிசையை மட்டும் பார்த்து வடக்கு தெற்கையோ உயரத்தையோ சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இந்தியாவின் சொந்த வழிகாட்டுத் தொகுதியான நாவிக் 7 செயற்கைக்கோள்களில் 3-ஐப் புவிநிலைப் பாதையிலும், மீதி 4-ஐ 29 டிகிரி சாய்வில் வானத்தில் எட்டு வடிவம் போடும் பாதையிலும் வைத்தது. ஒரு பகுதிக்கு மட்டும் சேவை என்றால் இது சிக்கனமான வழி. உலகம் முழுவதற்கும் என்றால் 19,000 முதல் 24,000 கிலோமீட்டர் வரையிலான நடு உயரம்தான் இதுவரை எல்லாரும் வந்து நின்ற இடம்: ரஷ்யாவின் குளோனாஸ் 19,100, அமெரிக்காவின் ஜிபிஎஸ் 20,200, ஐரோப்பாவின் கலிலியோ 23,222.

உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் ஒரு நட்சத்திர நாளில் (நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு முறை சுழலும் நேரம்) சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. அதனால் பூமியின் ஈர்ப்பு மேடு பள்ளங்கள் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே பக்கமாக இழுத்து, செயற்கைக்கோள் இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது அதன் உந்து இயந்திரத்தை இயக்கித் திருப்பி நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் அது சேவையில் இருக்காது. கலிலியோவை வடிவமைத்தவர்கள் 10 நாளில் 17 சுற்று என்று வைத்து இந்தத் தொல்லையைக் குறைத்துக்கொண்டார்கள். கிடைக்கும் தன்மையில் இதற்கு நேரடிப் பலன் உண்டு.

ஐந்தாம் படி: தாளில் ஒரு வானம் வரையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

உச்சந்தலைக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோள். சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று, எல்லாம் ஒரே ஏற்றக் கோணத்தில், அதாவது அடிவானத்திலிருந்து ஒரே டிகிரி மேலே. மொத்தம் நாலு. ரிசீவரின் மூன்று ஆயங்கள், அதன் கடிகாரப் பிழை என்று தெரியாதவை நாலு. ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒரு தூர அளவைத் தருகிறது, ஆக நாலு போதும். தூர அளவில் இருக்கும் பிழை உயரத்தில் எத்தனை மடங்காகிறது என்ற பெருக்கத்தை இந்த அமைப்புக்கு ஒரே வரியில் எழுதலாம்: 1.155-ஐ (1 − சைன் ஏற்றக்கோணம்) ஆல் வகுக்க வேண்டும்.

கீழே இருக்கும் மூன்றும் 20 டிகிரியில் இருந்தால் பெருக்கம் 1.75. 45 டிகிரிக்கு ஏறிவிட்டால் 3.94. 60 டிகிரி என்றால் 8.6. எண்ணிக்கை மாறவே இல்லை, நாலு நாலுதான். வானத்தின் நடுவில் எல்லாம் கூடிவிட்டால் உயரம் கைவிட்டுப் போகிறது. காரணம் இதுதான்: ரிசீவரின் கடிகாரம் பிசகினால் எல்லாத் தூரங்களும் ஒரே மாதிரி நீளும். எல்லாச் செயற்கைக்கோளும் மேலே இருந்தால், நீங்கள் கீழே இறங்கினாலும் எல்லாத் தூரங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நீளும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ரிசீவரால் முடியாது. பூமிக்கு அடியிலும் ஒரு செயற்கைக்கோள் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். பூமி மறைக்கிறதே!

இப்போது ஒவ்வொரு தூர அளவிலும் 4 மீட்டர் பிழை என்று வைத்துப் பாதுகாப்பு அளவைக் கணக்கிடுங்கள். 20 டிகிரி அமைப்பில் 1.755 × 4 × 5.33 = 37.4 மீட்டர். 35-ஐத் தாண்டிவிட்டது, இறங்க முடியாது. செலவு செய்து கூடுதல் செயற்கைக்கோள் ஏவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழே மூன்றுக்குப் பதில் ஆறு வைத்தால் பாதுகாப்பு அளவு 35-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மூன்று செயற்கைக்கோள் செலவு, பலன் நூலிழை. அதற்குப் பதில் மேலே ஒன்றே ஒன்றைக் கூடுதலாக வைத்தால் 29.6 மீட்டருக்கு வந்துவிடுகிறது.

முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தப்பில்லை. மேலே இருந்தது ஒன்றே ஒன்று, முழு உயரக் கணக்கும் அதன் தலையில்தான் இருந்தது. அதற்குத் துணை சேர்த்ததும் சுமை பாதியானது. அந்த ஒன்றும் போயிருந்தால் தீர்வே கிடையாது. ஒரு தொகுதியைப் பார்க்கும்போதெல்லாம் "எந்த ஒன்று போனால் எல்லாம் போகும்?" என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா அளவிலும் ஒரே 4 மீட்டர் என்பது பழகுவதற்காக வைத்துக்கொண்டது. நிஜத்தில் அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோளின் சிக்னல் காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால் அதன் பிழை மேலே இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கோணத்துக்கு ஏற்ப எடை கொடுத்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஆறாம் படி: சாய்வும் பாதைகளும்

ஜிபிஎஸ் பாதைகள் நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்திருக்கின்றன. அதனால் துருவத்தில் நிற்பவருக்கு எந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் சுமார் 45 டிகிரி ஏற்றத்துக்கு மேலே வராது. ஐந்தாம் படியில் உச்சியில் இருந்தது எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோம். துருவப் பகுதிக்கு அந்த உச்சியே கிடையாது. தன் நிலப்பரப்பில் பெரும்பகுதி வடக்கே இருக்கும் ரஷ்யா குளோனாஸை 64.8 டிகிரி சாய்வில் வைத்ததற்கு இப்போது காரணம் புரிந்திருக்கும். நாவிக் திட்டத்தில் 83 டிகிரி கிழக்கில் ஒரு புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு இடம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் அது 78 டிகிரி ஏற்றத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், நகராமல் நிற்கும். தமிழ்நாட்டின் உயரக் கணக்குக்கு வானத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை.

எத்தனை பாதை என்பதில் இரண்டு அணுகுமுறை உண்டு. ஜிபிஎஸ் 6 பாதைகளில் நாலு நாலாகப் பிரித்தது. கலிலியோ 3 பாதைகளில் எட்டு எட்டாக வைத்தது. மூன்று பாதை எனக்குப் பிடித்தது, காரணம் நடைமுறை சார்ந்தது. ஒரே பாதைக்குள் மாற்றுச் செயற்கைக்கோளை நகர்த்தப் பொறுமை இருந்தால் கொஞ்சம் எரிபொருள் போதும். வேறு பாதைக்கு மாற்றுவதோ ஏறத்தாழ முடியாத காரியம்: இந்த உயரத்தில் பாதையின் தளத்தை 10 டிகிரி திருப்பவே நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேக மாற்றம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் தனி உபரி தேவை. மூன்று பாதைக்கு மூன்று உபரி, ஆறு பாதைக்கு ஆறு.

ஏழாம் படி: ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்

24-ம் நன்றாக இருக்கும்போது வரும் படத்தைக் காட்டித் திட்டத்தை முடிக்காதீர்கள். ஒரு செயற்கைக்கோள் சேவையில் இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், நல்ல எண்தான். 24-ம் ஒரே நேரத்தில் சேவையில் இருக்கும் வாய்ப்பு? 0.98-ஐ 24 முறை பெருக்கினால் 62 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நேரம் குறைந்தது ஒன்றாவது இருக்காது. இரண்டு வரை போகலாம் என்று விட்டால் 98.8 சதவீதம்; மூன்று வரை என்றால் 99.9-ஐ நெருங்குகிறது. 99 சதவீத நேரம் தரையிறக்கம் வேண்டுமென்றால், உங்கள் தொகுதி 21 செயற்கைக்கோள்களோடும் தேற வேண்டும் என்று பொருள்.

1980-களில் செலவைக் குறைக்க ஜிபிஎஸ்ஸை 18 செயற்கைக்கோள்களோடு முடித்துக்கொள்ளத் திட்டம் போட்டார்கள். அந்த அமைப்பில் எல்லாம் சரியாக இருக்கும்போதே சில இடங்களில் சில நேரங்களில் அமைப்பு மோசமாகிவிடும் என்று தெரிந்தது. பின்னர் 24-க்குத் திரும்பினார்கள். இன்று வானத்தில் 30-ஐ ஒட்டியே ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, ஆனால் உறுதிமொழி 24 இடங்களுக்குத்தான். உறுதிமொழியை வைத்து வடிவமையுங்கள். உபரியை நம்பி விமானத்தை இறக்கக்கூடாது.

நாவிக் இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31-இல் ஏவியது வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2018 ஏப்ரலில்தான் அடுத்த மாற்று போய்ச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய பாதைக்கு ஏற முடியாமல் நின்றது. இதில் உழைத்தவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, அவர்கள் கட்டியது உலகத் தரமான அமைப்பு. ஆனால் ஏழில் ஒன்று போவதும் முப்பதில் ஒன்று போவதும் ஒன்றல்ல. நீங்கள் சின்னத் தொகுதியை வடிவமைத்தால், மாற்றுகளை ஏவும் கால அட்டவணையும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

எட்டாம் படி: தப்பை யார் சொல்வது?

ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. கடிகாரம் 100 நானோ நொடி பிசகினால் தூரத்தில் 30 மீட்டர் பிழை. 2004 ஜனவரி 1 அன்று ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் கெட்டுப்போய், ஏறத்தாழ 3 மணிநேரம் தவறான தகவலை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதற்கு அப்புறம்தான் அதைச் சேவையிலிருந்து எடுத்தார்கள். நமக்கு வேண்டியது 6 நொடி!

இதற்கு முதல் வழி, ரிசீவரே கண்டுபிடிப்பது. நாலு போதும் என்ற இடத்தில் ஐந்து தெரிந்தால், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஆறு இருந்தால் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்கவும் முடியும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நம் தாள் வானத்தில் மேலே இரண்டு, கீழே மூன்று என்று ஐந்து இருந்தன. கீழிருப்பதில் ஒன்றை எடுத்துப் பாருங்கள், மீதி நாலில் இரண்டு ஒரே திசையில் இருப்பதால் தீர்வே வராது. எந்த ஒன்றை எடுத்தாலும் மீதி நல்ல அமைப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் சரியான நிபந்தனை.

இரண்டாவது வழி, தரையிலிருந்து கண்காணித்துச் சொல்வது. ககன் செய்வது அதுதான். இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டியது. திருவனந்தபுரம், போர்ட் பிளேர், ஜெய்சல்மேர், திப்ரூகர் என்று 15 இடங்களில் நிலையங்கள் உண்டு. அவற்றின் இருப்பிடம் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். அதனால் ஒவ்வொரு ஜிபிஎஸ் சிக்னலும் எவ்வளவு தவறுகிறது என்று அவற்றால் சொல்ல முடியும். பெங்களூரில் அதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, திருத்தத்தையும் "இதை நம்பாதே" என்ற எச்சரிக்கையையும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்கு அனுப்புகிறார்கள்.

அப்படியானால் அந்தப் புவிநிலைச் செயற்கைக்கோளும் உங்கள் தொகுதியின் அங்கம்தான். அது ஒன்றுதான் என்றால் தொடர்ச்சிக்கான எண்ணை மறந்துவிடலாம். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் இதே வகை அமைப்புக்குச் செய்தி ஒலிபரப்பிய இரண்டில் ஒன்றான கேலக்ஸி-15, கட்டளைக்குப் பதில் சொல்லாமல் தன் இடத்தைவிட்டு நகர ஆரம்பித்தது. ககன் ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 என மூன்றில் கருவி வைத்திருப்பதன் மதிப்பு அந்த மாதிரி ஒரு நாளில்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: நம் தலைக்கு மேலே இருக்கும் தனிச் சிக்கல்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அதே எண்களை இங்கே போட்டால் தோற்றுவிடுவீர்கள். காந்த நிலநடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, தென்னிந்தியாவின் முனையில் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுதான் காரணம். பகலில் இந்தக் கோட்டுக்கு மேலே அயனமண்டலத்தின் (காற்றுமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கு) மின்துகள்கள் நீரூற்றுபோல் மேலே எழும்பி, காந்தக் கோடுகள் வழியாக இருபுறமும் சரிந்து, அகமதாபாத், போபால், கொல்கத்தா பட்டையில் குவிகின்றன. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் அந்தக் குவியலைக் கடக்கும் ஜிபிஎஸ் சிக்னல், நேர் மேலிருந்து வந்தாலே 15 மீட்டருக்கு மேல் தாமதப்படும்; அடிவானத்தை ஒட்டி வந்தால் அது மூன்று மடங்கை நெருங்கும்.

தாமதம் ஒரே சீராக இருந்தால் திருத்திவிடலாம். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே ஏறி இறங்குவதுதான் பிரச்சினை. வரைபடத்தில் 5 டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்து, அயனமண்டலத்தை ஒரே மெல்லிய ஓடாகக் கருதும் வழக்கமான முறை இங்கே போதவில்லை. அதனால் இஸ்ரோ பல அடுக்குகளாகக் கருதும் தனி மாதிரி ஒன்றை ககனுக்காக உருவாக்கியது. அந்த வேலையைப் பற்றி நம் மாணவர்கள் இன்னும் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தொகுதியை வடிவமைப்பவர் செய்யக்கூடியது, இரண்டு அலைவரிசை அனுப்புவது. தாமதம் அலைவெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும். ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையில் வரும் தாமதம், அதைவிடக் குறைந்த அலைவெண் கொண்ட எல்5-இல் 1.79 மடங்கு. இரண்டையும் அளந்தால் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அதற்கு விலை உண்டு: ரிசீவரின் இரைச்சல் 2.6 மடங்காகப் பெருகும். இருந்தாலும் நம் பகுதிக்கு இது லாபமான வியாபாரம்.

இரண்டு அலைவரிசையும் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது. மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாலைகளில், சூரியன் மறைந்த பிறகு, அயனமண்டலத்தில் குமிழ்கள் கிளம்பும். அவற்றைக் கடக்கும் சிக்னல் விட்டுவிட்டு மின்னும். எல்5-இல் இந்த மினுக்கம் இன்னும் அதிகம். ஒரு பங்குனி மாலை மொட்டை மாடியில் ரிசீவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி வரை உயரமாக நின்ற சிக்னல் பட்டைகளில் வடமேற்கில் இருந்த மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்து விழுந்தன. வானம் தெளிவாகத்தான் இருந்தது, நட்சத்திரம்கூட எண்ணலாம். பத்து நிமிடத்தில் ஒன்று திரும்பியது, மற்ற இரண்டும் வர வெகுநேரமானது. ஏழாம் படியில் செயற்கைக்கோள்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடுங்கினோம். இங்கே வானத்தின் ஒரு மூலையையே மொத்தமாகப் பிடுங்க வேண்டும். அதற்கும் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு நாட்டின் தொகுதியை வைத்து இதற்குப் பதில் சொல்வது கடினம். ஜிபிஎஸ்ஸோடு கலிலியோவோ வேறொன்றோ சேரும்போதுதான் மூச்சு விட இடம் கிடைக்கும்.

பத்தாம் படி: தொகுதியால் தீராதது

சிக்னலை வேண்டுமென்றே அமுக்கினால் எத்தனை செயற்கைக்கோள் இருந்தும் பயன் இல்லை. 2024 ஏப்ரல் இறுதியில் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்குப் பறப்பதை ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் ஒரு மாதம் நிறுத்தியது. ஜிபிஎஸ் இடையூறு காரணமாக இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியிருந்தன. ஜிபிஎஸ் தேவைப்படாத வேறு அணுகுமுறை அங்கே ஏற்பாடான பிறகே சேவை தொடர்ந்தது. ஆகவே உங்கள் திட்ட அறிக்கையில், தரையில் எந்த மாற்று வழி இருக்கும் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கடைசிப் படி: ஓட்டிப் பாருங்கள், மாடிக்குப் போய்ச் சரிபாருங்கள்

ஒரு விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி நல்ல தேர்வு, காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். அட்சரேகை 8.72, தீர்க்கரேகை 78.03. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதை விவரம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வழிகாட்டு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட மாஸ்ட் என்ற மென்பொருள் பாதுகாப்பு அளவுகளையே கணக்கிட்டுத் தரும். ஆனால் முதல் முறை பைத்தானில் நீங்களே எழுதுங்கள். ஐம்பது அறுபது வரிதான் வரும், அதற்குள் பாடம் முழுவதும் அடங்கியிருக்கும்.

ஒரு நாள் முழுக்க நிமிடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு அளவைக் கணக்கிடுங்கள். கலிலியோவையும் சேர்த்தால் 10 நாள் ஓட்ட வேண்டும், அதன் சுற்று அப்போதுதான் முழுமையாகும். சராசரியை எழுதி வைக்காதீர்கள். மிக மோசமான நிமிடம் எது, அப்போது எந்தெந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் ஒன்றைப் பிடுங்கி மறுபடி ஓட்டுங்கள். வடமேற்கு மூலையை மறைத்து மறுபடி ஓட்டுங்கள். 35-ஐத் தாண்டும் நிமிடங்களை எண்ணுங்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். உங்கள் கணக்கில் இன்று இரவு 8.40 மோசமான நிமிடம் என்று வந்தால், நாளை 8.36-க்குக் கைபேசியில் செயற்கைக்கோள்களைக் காட்டும் செயலியைத் திறந்துகொண்டு மாடிக்குப் போங்கள். நீங்கள் தாளில் வரைந்த அதே வெற்றிடம் திரையில் அதே மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் இந்திய நேரத்தை (ஐஎஸ்டி) உலகப் பொது நேரமாக (யுடிசி) மாற்றும்போது ஐந்தரை மணிநேரத்தைக் கழித்தீர்களா என்று சரிபார்த்துவிட்டு, அடுத்த நாள் 8.32-க்கு மறுபடி போங்கள்.